சாம்பாரை ஜாரில் அடைத்து அலமாரியில் வைக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. டென்வரில் வீடு. கொல்லையில் தக்காளியும் பீன்ஸும் காய்த்துக் கொட்டுகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பரங்கிக்காய் சாம்பார் வைத்து, கொதிக்கக் கொதிக்க மேசன் ஜார்களில் (உணவை அடைத்து வைக்கவென்றே வரும் கண்ணாடி ஜார்கள்) ஊற்றி மூடி, எலக்ட்ரிக் குக்கரில் 20 நிமிடம் வைத்து எடுத்தீர்கள். ஆறும்போது மூடி ‘டக்’கென்று உள்வாங்கிக்கொண்டது. ஜார்கள் அன்றிலிருந்து அலமாரியில்தான் இருக்கின்றன. வேறு மாநிலத்தில் படிக்கும் மகனுக்கு இவற்றை அனுப்பலாமா, நம் ஊறுகாய் வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்கும்போது இது மட்டும் ஏன் கெடப்போகிறது, இனிமேல் தோட்டத்துக் காய்களை எப்படி அடைத்து வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ஜார்கள். மகனுக்கு அனுப்ப வேண்டாம், நீங்களும் சாப்பிட வேண்டாம். திறந்து முகர்ந்து பார்ப்பது, நுனி நாக்கில் வைத்துப் பார்ப்பது எதுவும் வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிற ஜார்களை அப்படியே கனமான பையில் போட்டு, வாயைக் கட்டிக் குப்பையில் சேர்த்துவிடுங்கள். எதிலாவது கசிவு தெரிந்தாலோ மூடி விட்டுப்போயிருந்தாலோ கையுறை போட்டுக்கொண்டு, ஜாரோடு ஒரு பெரிய பாத்திரத்தில் படுக்கவைத்து, மேலே ஓர் அங்குலமாவது தண்ணீர் நிற்கும்படி மெதுவாக ஊற்றி, 30 நிமிடம் கொதிக்கவைத்து, ஆறியபிறகு பாத்திரத்தில் இருப்பதை எல்லாம் குப்பையில் போடுங்கள். சிந்திய இடத்தில் ஒரு பங்கு பிளீச், ஐந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 30 நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். சிங்க்கில் கொட்டவோ நாய்க்கு வைக்கவோ கூடாது. அவ்வளவு சாம்பாரைத் தூக்கிப் போட மனசு வராது என்று தெரியும். இருந்தாலும் போட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், இங்கே பயம் வழக்கமான ‘ஊசிப்போதல்’ பற்றியது இல்லை. கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா மண்ணில் எங்கும் இருக்கிறது. மண்ணோடு உறவுள்ள எல்லாக் காய்களிலும் அதன் வித்துகள் (ஸ்போர்கள்) ஒட்டியிருக்கலாம். அந்த வித்துகளை நாம் தினம் சாப்பிடுகிறோம், வளர்ந்தவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் காற்று இல்லாத, ஈரமான, புளிப்புக் குறைந்த இடம் அறைச் சூட்டில் கிடைத்தால் அவை முளைத்துப் பெருகி நரம்பு நஞ்சை உண்டாக்குகின்றன. மூடி இறுகிய சாம்பார் ஜாருக்குள் இருப்பது இதே நிலைமைதான். 100 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்காகக் கொதித்தாலும் இந்த வித்துகள் பிழைத்துக்கொள்ளும். கூடவே இருந்த மற்ற கிருமிகள் எல்லாம் செத்துப்போவதால் இவற்றுக்குப் போட்டியும் இருக்காது. மூடி ‘டக்’கென்று உள்வாங்குவது உள்ளே காற்று வெளியேறிவிட்டது என்பதற்கு மட்டுமே அடையாளம். உள்ளே எது செத்தது, எது பிழைத்தது என்று அந்தச் சத்தம் சொல்லாது.

இந்த நஞ்சு இருக்கும் உணவு பல சமயம் பார்க்கவும் முகரவும் நல்ல உணவு போலவே இருக்கும். ‘வாசனை நன்றாகத்தானே இருக்கிறது’ என்பது நம் சமையலறையில் எல்லாவற்றுக்கும் உரைகல். இந்த நஞ்சால் வரும் பாட்டுலிசம் என்ற நோயின் விஷயத்தில் அது செல்லாது.

2015 ஏப்ரலில் ஒஹாயோவில் ஒரு தேவாலயத்தில், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடும் விருந்து நடந்தது. வந்தவர்கள் 77 பேர். அதில் 29 பேருக்கு பாட்டுலிசம் வந்தது. 11 பேருக்கு வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருந்தது, ஒருவர் இறந்துபோனார். விசாரித்தபோது உருளைக்கிழங்கு சாலட்டில் வந்து நின்றது. அந்த உருளைக்கிழங்கு வீட்டில் ஜாரில் அடைத்தது. அடைத்தவர் பிரஷர் கேனர் (ஜார்களை அழுத்தத்தில் சூடாக்கவென்றே செய்த பெரிய பாத்திரம்) பயன்படுத்தாமல் கொதிநீரில் மட்டும் வைத்து எடுத்திருக்கிறார். சாலட் என்பதால் ஜாரிலிருந்து எடுத்த பிறகும் அதைச் சூடாக்கவில்லை. அன்போடு செய்து கொண்டுபோன சாப்பாடு அது. 2006-ல் தாய்லாந்தின் நான் மாகாணத்தில், வீட்டில் பெரிய தகர டப்பாக்களில் அடைத்த மூங்கில் குருத்தைத் திருவிழாவில் சாப்பிட்ட 209 பேர் பாதிக்கப்பட்டார்கள், 42 பேருக்கு வென்டிலேட்டர் தேவைப்பட்டது. அந்தக் குருத்தையும் வேகவைத்துத்தான் அடைத்திருந்தார்கள்.

இனி ஊறுகாய்க் கேள்வி. நல்ல கேள்வி, ஏனென்றால் மொத்த விஷயமும் அதில்தான் அடங்கியிருக்கிறது. புளிப்பை அளக்கும் எண் பிஎச். அதில் 4.6 என்பது இந்தத் துறையில் எல்லைக்கோடு. 4.6-க்குக் கீழே, அதாவது புளிப்புக் கூடுதலாக இருந்தால், பாட்டுலினம் வித்து முளைக்காது. எலுமிச்சை, மாங்காய், நெல்லிக்காய், புளி எல்லாம் இந்தக் கோட்டுக்கு நன்றாகக் கீழே. போதாததற்கு நம் பாட்டிமார் உப்பை அள்ளிப் போட்டார்கள், வெயிலில் காயவைத்து ஈரத்தைக் குறைத்தார்கள். ஊறுகாயைக் காப்பாற்றுவது இந்தப் புளிப்பும் உப்பும் ஈரக்குறைவும்தான். மேலே நிற்கும் நல்லெண்ணெய் பூஞ்சணம் வராமல் தடுக்கும். பாட்டுலினத்தை அது தடுக்காது, காற்றை மறைத்து அதற்கு வசதிதான் செய்யும்.

அதனால் இரத்த அழுத்தத்துக்காக உப்பைப் பாதியாகக் குறைத்துப் போட்ட ஊறுகாயைப் பழைய ஊறுகாய் மாதிரி வெளியில் வைக்காதீர்கள். அது ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய பொருள். பூண்டு ஊறுகாய், மீன் ஊறுகாய், இறால் ஊறுகாய் எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். பூண்டு தன்னளவில் புளிப்பே இல்லாதது, மண்ணுக்குள் விளைவது. 1985-ல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட பூண்டை ஃபிரிட்ஜில் வைக்காமல் வெளியில் வைத்திருந்த ஓர் உணவகத்தில் சாப்பிட்ட 36 பேருக்கு பாட்டுலிசம் வந்தது. எண்ணெய் ஊற்றி அரைத்த இஞ்சி பூண்டு விழுதை ஜன்னல் ஓரத்தில் பாட்டிலில் வைத்திருக்கும் வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். சில நாளுக்கு வேண்டியதை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டு மீதியை ஃப்ரீசரில் போடுங்கள்.

பீன்ஸ், கேரட், உருளைக்கிழங்கு, பரங்கி, துவரம்பருப்பு, தேங்காய்ப்பால், கறி, மீன் எல்லாம் 4.6-க்கு மேலே. சாம்பாரில் புளி ஊற்றியிருக்கிறோமே என்பீர்கள். ஒரு வீட்டுச் சாம்பாரின் புளிப்பு இன்னொரு வீட்டில் இருக்காது, ஒரே வீட்டில் இன்றைக்கு இருப்பது நாளைக்கு இருக்காது. பருப்பு அந்தப் புளிப்பை வேறு மட்டுப்படுத்திவிடும். நாக்குக்குப் புளிப்பது வேறு, 4.6-க்குக் கீழே இருப்பது வேறு. பழுத்த பப்பாளி, அத்தி போன்ற பழங்கள்கூடக் கோட்டுக்கு மேலே போகக்கூடியவை, பழம் என்பதால் பயமில்லை என்று நினைக்க வேண்டாம்.

புளிப்புக் குறைந்த இந்தப் பொருள்களை அறைச் சூட்டில் வைக்க வேண்டுமென்றால் ஜாரின் நட்டநடுவில் இருக்கும் துண்டுவரை சுமார் 116 முதல் 121 டிகிரி சூடு போய், குறிப்பிட்ட நேரம் நிற்க வேண்டும். அந்தச் சூட்டை அழுத்தத்தில் மட்டுமே எட்ட முடியும். ‘குக்கரும் அழுத்தம்தானே’ என்று இங்கே எல்லாரும் கேட்கிறார்கள். நம் ஊர்க் குக்கரின் வெயிட் 15 பவுண்டு அழுத்தத்துக்கானது, கணக்கில் 121 டிகிரி வரும், உண்மைதான். ஆனால் அமெரிக்க வேளாண்மைத் துறையின் நேர அட்டவணைகள் பெரிய, கனமான கேனரில் சோதித்துப் போட்டவை. அது மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும். அந்த ஏறும் நேரமும் ஆறும் நேரமும் சேர்ந்துதான் வித்துகளைக் கொல்லும் கணக்கு முழுமையாகிறது. சின்னக் குக்கர் சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறிவிடும், கணக்கு குறைந்துபோகும். அதனால்தான் குவார்ட் ஜார் (சுமார் ஒரு லிட்டர்) நான்கையாவது நிற்கவைக்க இடமில்லாத குக்கரைக் கேனிங்குக்கு, அதாவது இப்படி ஜாரில் அடைப்பதற்கு, பயன்படுத்தக் கூடாது என்கிறார்கள். விசில் எண்ணுவதும் இங்கே உதவாது. ஒவ்வொரு விசிலுக்கும் அழுத்தம் இறங்கி ஏறுகிறது.

எலக்ட்ரிக் குக்கர்களில் பலவும் 15 பவுண்டைத் தொடுவதே இல்லை. ‘கேனிங்’ என்று பொத்தான் வைத்த மாடல்களும் கடையில் வருகின்றன. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதனத்துக்கான தேசிய மையம், தன் அட்டவணை நேரங்களை இந்த மாதிரிப் பலவேலை குக்கர்களில் பயன்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நானும் அந்தப் பக்கம்தான். நீங்கள் இருப்பதோ டென்வர், கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி. அங்கே தண்ணீர் 95 டிகிரிக்கே கொதித்துவிடும். கடலோர ஊரில் இருக்கும் தோழி சொன்ன நேரமும் அழுத்தமும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. ஊட்டியில் பருப்பு வேக நேரமாகும் என்று சொல்வோமே, காரணம் ஒன்றுதான்.

உங்கள் தக்காளிக்கு நல்ல வழி இருக்கிறது. தக்காளி எல்லைக்கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கும் பழம், ரகத்தைப் பொறுத்தும் பழுத்த அளவைப் பொறுத்தும் 4.6-ஐத் தாண்டிவிடும். அதனால் பைன்ட் ஜார் (சுமார் அரை லிட்டர்) ஒன்றுக்கு 1 மேசைக்கரண்டி, குவார்ட் ஜாருக்கு 2 மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கட்டாயம். பழத்தைப் பிழிந்தது வேண்டாம், கடையில் பாட்டிலில் வரும் சாறுதான் வேண்டும். அதன் புளிப்பு எப்போதும் ஒரே அளவில் இருக்கும். தோலுரித்து நசுக்கிக் கொதிக்கவைத்த தக்காளியைச் சூடாக நிரப்பி, ஜாருக்கு மேல் ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் தண்ணீர் நிற்கக் கொதிநீரில் வையுங்கள். உங்கள் ஊரின் உயரத்துக்கு பைன்ட் 45 நிமிடம், குவார்ட் 55 நிமிடம். நேரத்தைத் தண்ணீர் தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பிறகு எண்ணுங்கள். இதில் தாளித்துக் கொட்ட வேண்டாம். வெங்காயம், பூண்டு, பச்சைமிளகாய் புளிப்பைக் குறைக்கும், எண்ணெய் சூடு உள்ளே போவதைக் கெடுக்கும். வெறும் தக்காளியாக அடைத்துக்கொண்டு, திறக்கிற அன்றைக்குத் தாளியுங்கள்.

பீன்ஸுக்குப் பிரஷர் கேனர் வாங்கித்தான் ஆக வேண்டும். வேறு குறுக்குவழி கிடையாது. வெயிட் வைக்கும் வகையானால் உங்கள் ஊரில் 15 பவுண்டு, முள் காட்டும் டயல் வகையானால் 13 பவுண்டு. பைன்ட் 20 நிமிடம், குவார்ட் 25 நிமிடம். டயலை வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். ஊரின் வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேட்டால் எங்கே பார்ப்பது என்று சொல்வார்கள், பல இடங்களில் அவர்களே பார்த்துத் தருவார்கள்.

நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் செய்முறையின் சின்ன இடங்களில், அதனால் அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஜாரைச் சூடாக வைத்துக்கொண்டு நிரப்புங்கள், குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கிறதை ஊற்றினால் விரிசல் விடும். பீன்ஸுக்கு மேலே ஓர் அங்குலம் இடம் விட வேண்டும், தக்காளிக்கு அரை அங்குலம். ஓரமாகப் பிளாஸ்டிக் கரண்டிக் காம்பை விட்டுச் சுற்றினால் சிக்கிய காற்றுக் குமிழ்கள் மேலே வரும், வந்தபின் மட்டம் இறங்கினால் கொஞ்சம் சேருங்கள். ஜாரின் விளிம்பை ஈரத்துணியால் துடையுங்கள், ஒரு பீன்ஸ் நார் ஒட்டியிருந்தாலும் மூடி சரியாக உட்காராது. தட்டு மூடி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும், வளையத்தை விரல் பலத்துக்கு மட்டும் திருகினால் போதும். கேனரின் மூடியைப் பூட்டிய பிறகு வெயிட்டை உடனே போடாதீர்கள். ஆவி ஒரே சீராகப் பீய்ச்சிக்கொண்டு வர ஆரம்பித்ததிலிருந்து 10 நிமிடம் அப்படியே விடுங்கள். உள்ளே காற்று தங்கினால் அழுத்தம் சரியாகக் காட்டும், சூடு மட்டும் குறைவாக இருக்கும். பிறகு வெயிட் போட்டு, அழுத்தம் வேண்டிய அளவுக்கு வந்தபின் கடிகாரத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு நிமிடம் அழுத்தம் கீழே இறங்கினாலும் நேரத்தை முதலிலிருந்து எண்ண வேண்டும்.

முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கை வைக்காமல் இருங்கள். குக்கரைக் குழாயடியில் காட்டித் தண்ணீர் ஊற்றித் திறக்கிற பழக்கம் நமக்குக் கையிலேயே ஊறிப்போனது. கேனரில் அதைச் செய்தால் ஜாருக்குள் இருக்கும் சாறு பொங்கி வெளியேறும், மூடி பிடிக்காது, வித்துகளைக் கொல்லும் கணக்கும் அறுந்துபோகும். அழுத்தம் தானாக முழுதும் இறங்கட்டும். வெயிட்டை எடுத்துவிட்டு இன்னும் 10 நிமிடம் பொறுத்து, ஆவி முகத்தில் அடிக்காதபடி மூடியை உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் திறங்கள். ஜார்களைத் துணி விரித்த மேடையில் இடைவெளி விட்டு 12 முதல் 24 மணி நேரம் ஆறவிடுங்கள். அதன்பின் மூடியின் நடுவில் அழுத்திப் பாருங்கள், துள்ளினால் அது பிடிக்கவில்லை என்று பொருள். அந்த ஜாரை ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். பிடித்த ஜார்களில் தேதி எழுதி, வளையத்தைக் கழற்றிவிட்டு, இருட்டான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்துவது நல்லது.

ஜாரில் சூடாக ஊற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பது, ஓவனில் வைத்துச் சூடாக்குவது என்று வீடியோக்களில் நிறைய உலவுகிறது. இரண்டும் வேண்டாம். காலியான ஊறுகாய் பாட்டிலைக் கழுவி அதிலேயே அடைப்பதும் வேண்டாம், அந்தக் கண்ணாடியும் மூடியும் இந்தச் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் செய்தவை இல்லை.

அப்படியானால் பிரஷர் கேனர் வாங்கினால் சாம்பார் அடைக்கலாமா? கூடாது. கெட்டியான பொருளில் சூடு மிக மெதுவாகத்தான் நடுவரை போகும். பரங்கிக்காயைக்கூட ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கித் தண்ணீரோடு அடைக்கத்தான் சோதித்த முறை இருக்கிறது, மசித்த பரங்கிக்கு வீட்டு முறையே கிடையாது. மசித்த பயறுக்கும் அதே கதி. குழைந்த பருப்பும் கரைந்த பரங்கியும் சேர்ந்த சாம்பாருக்கு எத்தனை நிமிடம் என்று யாரும் சோதித்துச் சொல்லவில்லை. அரிசி, மாவு, பால், தேங்காய்ப்பால் சேர்ந்ததையும் அடைக்கக் கூடாது. கொண்டைக்கடலை, ராஜ்மா போன்றவற்றை முழுசாக ஊறவைத்து, 30 நிமிடம் கொதிக்கவைத்துத் தண்ணீரோடு அடைக்க முறை உண்டு. பைன்ட் 75 நிமிடம், குவார்ட் 90 நிமிடம், அழுத்தம் பீன்ஸுக்குச் சொன்னதுதான்.

முறைப்படி அடைத்த பீன்ஸாக இருந்தாலும், திறந்ததும் வாயில் போடாமல் கொதிக்கவைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். வித்து சூட்டுக்கு அசையாது, ஆனால் அது உண்டாக்கும் நஞ்சு கொதியில் அழியும். கடல் மட்டத்தில் 10 நிமிடம், ஒவ்வோர் 1,000 அடிக்கும் ஒரு நிமிடம் கூட. டென்வருக்கு 16 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். இது கூடுதல் காப்பு மட்டும்தான். முறை தவறி அடைத்ததை இப்படிக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் யாராவது அந்த ஜார்ச் சாம்பாரை ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் இதைக் கவனமாகப் படியுங்கள். அறிகுறி பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், சில சமயம் சில நாள் கழித்தும் வரும். கண்ணிமை தொங்கும், பார்வை மங்கும் அல்லது ஒன்று இரண்டாகத் தெரியும், வாய் உலரும், பேச்சு குழறும், விழுங்க முடியாது. பிறகு தளர்ச்சி கழுத்து, கை, மார்பு என்று மேலிருந்து கீழே இறங்கும். மூச்சுத் தசைகளைத் தொடும்போது உயிருக்கு ஆபத்து. பொதுவாகக் காய்ச்சல் இருக்காது, நினைவு தெளிவாக இருக்கும். இதில் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 911-ஐக் கூப்பிடுங்கள். வீட்டில் ஜாரில் அடைத்த உணவைச் சாப்பிட்டோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். பக்கவாதம் என்றோ வேறு நரம்பு நோய் என்றோ எடுத்துக்கொண்டு நேரம் போய்விடக்கூடும். நச்சு முறிவு மருந்து உண்டு, ஆனால் அது மேற்கொண்டு பரவுவதைத்தான் நிறுத்தும், ஏற்கெனவே தளர்ந்த தசையை உடனே எழுப்பாது. அதனால் எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு நல்லது.

மகனுக்கு அனுப்ப உலர்ந்ததுதான் சரி. பருப்புப் பொடி, சாம்பார் பொடி, ரசப் பொடி, வறுத்த வத்தல், உப்புக் குறைக்காத எலுமிச்சை ஊறுகாய், மாவடு எல்லாம் தபாலில் தாராளமாகப் போகும். நீங்கள் அடைத்த தக்காளி ஜார் ஒன்றும் நன்றாகச் சுற்றிக் கட்டிப் போகலாம், அதையும் பொடியையும் வைத்து அரைமணியில் அவனே ரசம் வைத்துக்கொள்வான். புளிக்காய்ச்சலும் வத்தக்குழம்பும் புளிப்பானவைதான், ஆனாலும் உள்ளே கிடக்கும் முழுப் பூண்டுக்கும் சின்ன வெங்காயத்துக்கும் புளி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வீட்டில் அளக்க முடியாது, அவை ஃபிரிட்ஜ் சாமான். சாம்பாரை ஃப்ரீசரில் வையுங்கள். ஒருவேளைக்கு ஆகிற அளவாகப் பிரித்து, உறைந்தால் விரியும் என்பதால் மேலே ஓர் அங்குலம் இடம் விட்டு மூடுங்கள். தேங்க்ஸ்கிவிங்குக்கு அவன் வந்து திரும்பும்போது ஐஸ் பெட்டியில் கொடுத்தனுப்பலாம். போய்ச் சேர்ந்ததும் ஃப்ரீசரில் போடச் சொல்லுங்கள், சாப்பிடுவதற்கு முந்தின இரவு எடுத்து ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, நன்றாகக் கொதிக்கவைத்துச் சாப்பிடட்டும்.